சக்கரத்துக்கு ஒரு மலைப்பாதை

கலிஃபோர்னியாவில், சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் மாவட்டத்தில், டமால்பைஸ் என்றொரு மலை இருக்கிறது. உயரம் 784 மீட்டர். நம் ஏற்காட்டின் பாதி உயரம்தான். மலைச் சைக்கிள் என்ற விளையாட்டு இந்த மலையின் சரிவுகளில்தான் உருப்பெற்றது. ஆனால் அங்குள்ள ஒற்றையடிப் பாதைகளில் பெரும்பாலானவற்றில் சைக்கிளுக்கு இடமில்லை. தீயணைப்பு வண்டிகளுக்காக வெட்டிய அகலமான மண்சாலைகளில் ஓட்டலாம். அங்கும் மணிக்கு 15 மைலுக்கு மேல் போகக் கூடாது. எதிரே யார் வருகிறார்கள் என்று தெரியாத வளைவுகளில் 5 மைல்தான்.

இந்த முரண்பாட்டிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. மலைச் சைக்கிள் பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதி வண்டியைப் பற்றியது: எத்தனை கியர், எவ்வளவு எடை, எந்த சஸ்பென்ஷன். அடுத்தபடியாக ஓட்டுகிறவரின் துணிச்சல். பாதை கடைசியில்தான் வரும், அதுவும் படத்தின் பின்னணியாக. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பது என் கட்சி. ஒரு சாதாரண மனிதர் எவ்வளவு நன்றாக ஓட்டக் கற்றுக்கொள்கிறார் என்பது அவர் வீட்டுக்கு அருகில் எப்படிப்பட்ட பாதை இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதை யார் வெட்டினார்கள், மழைக்குப் பிறகு யார் சரிசெய்கிறார்கள், அதில் போக அவருக்கு உரிமை உண்டா என்ற கேள்விகளுக்கு விடை தெரிந்தால் அந்த ஊரில் எத்தகைய ஓட்டுநர்கள் உருவாகியிருப்பார்கள் என்று ஊகித்துவிடலாம்.

டமால்பைஸுக்கு அருகே ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூரின் மேலே ஒரு மண்சாலை ஏறத்தாழ இரண்டு மைல் தூரத்தில் 1,300 அடி இறங்குகிறது. 1976 அக்டோபர் 21 அன்று அதில் சில இளைஞர்கள் நேரம் குறித்து ஒரு போட்டி நடத்தினார்கள். அவர்களிடம் இருந்தவை 1930, 40களில் வந்த ஷ்வின் வகைப் பழைய சைக்கிள்கள். தடித்த டயர், ஒரே கியர், இருபது கிலோவுக்கு மேல் எடை. பிரேக் பின்சக்கர ஹப்புக்குள் இருக்கும். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் ஹப்பின் உள்ளே இரும்பு இரும்போடு உரசிச் சக்கரம் நிற்கும். தெருவில் நிறுத்துவதற்குப் போதுமான ஏற்பாடுதான். ஆனால் இந்தச் சரிவில் கீழே வந்து சேர்வதற்குள் உள்ளே இருக்கும் கிரீஸ் உருகிப் புகையாகப் போய்விடும். ஹப்பைத் தொட்டால் கை சுடும். அடுத்த முறை இறங்குவதற்கு முன் அதைக் கழற்றிப் புதிய கிரீஸை அடைத்தாக வேண்டும். அந்தச் சாலைக்கு ரீபேக் என்று பெயர் வந்தது இந்த வேலையால்தான்.

போட்டிகளை நடத்தியவர் சார்லி கெல்லி. அங்கே கேரி ஃபிஷர் எடுத்த 4 நிமிடம் 22 விநாடிதான் சாதனையாக நிலைத்தது. அதே கூட்டத்தைச் சேர்ந்த ஜோ பிரீஸ் 1977இல் இந்த வேலைக்கென்றே ஒரு சட்டகத்தைப் புதிதாகக் கட்டினார். பழைய வண்டியை ஒட்டுப்போட்டுச் சமாளிப்பதை விட்டு, மலைக்கென்றே வண்டி செய்வது அங்கிருந்து தொடங்குகிறது. 1979இல் கெல்லியும் ஃபிஷரும் சேர்ந்து, டாம் ரிச்சி செய்த சட்டகங்களை வைத்து, மவுண்டன்பைக்ஸ் என்ற பெயரிலேயே வியாபாரம் தொடங்கினார்கள். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்ப்பர் கடைகளுக்கு வந்தது. அதன்பின் வேகம்தான். 1990இல் கொலராடோவின் டுராங்கோவில் முதல் உலகச் சாம்பியன்ஷிப் நடந்தது, 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் இடம்பெற்றது. புழுதிச் சாலையிலிருந்து ஒலிம்பிக்குக்கு வந்துசேர இருபதே ஆண்டுகள்.

மரின்காரர்கள்தான் முதன்முதலாகச் சைக்கிளை மலைக்குக் கொண்டுபோனவர்கள் என்று சொல்வது நியாயமாகாது. 1897இல் அமெரிக்க ராணுவத்தின் 25ஆம் காலாட்படைப் பிரிவைச் சேர்ந்த கறுப்பின வீரர்கள் லெஃப்டினன்ட் ஜேம்ஸ் மாஸ் தலைமையில் மொன்டானாவின் மிசூலாவிலிருந்து செயின்ட் லூயிஸ் வரை 1,900 மைல் சைக்கிளில் போனார்கள். ராக்கி மலைத் தொடரைக் கடந்த அந்தப் பயணம் 41 நாள் நீடித்தது. பிரிட்டனில் 1955இல் தொடங்கிய ரஃப் ஸ்டஃப் ஃபெல்லோஷிப் என்ற சங்கத்தினர் சாதாரண சைக்கிளைத் தோளில் சுமந்தாவது மலைக் கணவாய்களைத் தாண்டினார்கள். ஆனால் இவர்களுக்கெல்லாம் சைக்கிள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் வழி. மரினில் இறங்குவதே இன்பமாகிவிட்டது. பின்னால் வந்த எல்லாச் சண்டைகளுக்கும் வித்து அந்த இன்பத்தில் இருக்கிறது.

1980களில் வண்டிகள் பெருகின. பாதைகள் அப்படியே இருந்தன. குதிரைக்காரர்களும் நடப்பவர்களும் தலைமுறைகளாகப் பழகிய பாதை அது. சத்தமே இல்லாமல் பின்னாலிருந்து ஒரு வண்டி வந்து உரசிக்கொண்டு போனால் என்ன ஆகும்? மரினில் வனக் காவலர்கள் ரேடார் துப்பாக்கியோடு நின்றார்கள். கூட்டங்களில் கூச்சல் எழுந்தது, பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நாடு முழுவதற்குமான தடை வேறு திசையிலிருந்து வந்தது. 1964இன் வனாந்தரச் சட்டம், காக்கப்பட்ட வனாந்தரங்களில் இயந்திரப் போக்குவரத்து கூடாது என்கிறது. மோட்டார் இல்லாத சைக்கிளும் அதில் அடங்குமா என்பது அப்போது யாருக்கும் எழாத கேள்வி. 1984இல் அமெரிக்க வனத்துறை தன் விதியில் சைக்கிளைப் பெயர் சொல்லியே தடுத்தது. 1988இல் கலிஃபோர்னியச் சங்கங்கள் ஒன்றுகூடிப் பன்னாட்டு மலைச் சைக்கிள் சங்கத்தை அமைத்ததற்கு, பாதைகள் இப்படிக் கைநழுவிப் போனதுதான் காரணம். இம்பா என்று அழைக்கப்படும் அந்த அமைப்பு வெளியிட்ட ஒழுக்க விதிகளில் முதலாவது, திறந்த பாதையில் மட்டும் ஓட்டு என்பது. நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிடுவது, வண்டியைக் கட்டுக்குள் வைத்திருப்பது, விலங்குகளை மிரட்டாதிருப்பது ஆகியவையும் அதில் உண்டு.

சைக்கிள் மண்ணை அழிக்கிறது என்பது எதிர்த்தவர்களின் முதல் வாதம். இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். 1994இல் வெளியான வில்சன், செனி ஆகியோரின் மொன்டானா ஆய்வில், ஈரமான பாதையில் சக்கரங்களைவிடக் குதிரைக் குளம்பும் மனிதக் காலடியும் அதிக மண்ணைப் பெயர்த்தன. 2001இல் கனடாவின் ஒன்டாரியோவில் தர்ஸ்டனும் ரீடரும் செய்த ஆய்வில், செடிகொடிக்கும் மண்ணுக்கும் ஏற்பட்ட சேதத்தில் நடையும் சைக்கிளும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. இவற்றைச் சைக்கிள்காரர்கள் கொடிபோலத் தூக்கிப் பிடிப்பதுண்டு. ஆனால் சோதனை ஓட்டம் வேறு, ஞாயிற்றுக்கிழமை மதியம் பின்சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கிக்கொண்டு வரும் கூட்டம் வேறு. ஆகவே நான் இப்படித்தான் பார்க்கிறேன்: மண்ணை வைத்துச் சைக்கிளை மட்டும் தடுப்பதற்கு ஆதாரம் போதாது. அச்சத்தை வைத்துக் கேட்பவர்களின் பேச்சுக்கோ முழு மதிப்பு உண்டு. முதிய பெண்மணி ஒருவர் தனியே நடக்கிறார். வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறதோ என்று அஞ்சி, அந்தப் பாதைக்குப் போவதையே விட்டுவிடுகிறார். அவரிடம் வண்டல் கணக்கைக் காட்டி வாதாடுவது முறையல்ல.

இந்த அச்சத்துக்கு மதிப்புக் கொடுத்த ஊர்கள் வழி கண்டிருக்கின்றன. யூட்டாவில் சால்ட் லேக் நகரத்தை ஒட்டிய மில்கிரீக் பள்ளத்தாக்கின் மேற்பகுதிப் பாதைகளில் இரட்டைப்படைத் தேதிகளில் மட்டும் சைக்கிள் போகலாம். ஒற்றைப்படைத் தேதிகளில் நாய்களைக் கயிறின்றி விடலாம். டாஹோ ஏரியைச் சுற்றிவரும் பாதையின் ஒரு பகுதியிலும் இதே போன்ற இரட்டைப்படை ஏற்பாடு இருக்கிறது. காலண்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். இவ்வளவு எளிய ஏற்பாட்டுக்குக்கூடப் பல மலைகளில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசியதில்லை.

மண்ணின் உண்மையான எதிரி தண்ணீர். பாதை வெட்டுகிறவர்கள் எல்லோரும் முதலில் கற்பது இதைத்தான். மலையின் மேலிருந்து கீழே நீர் நேராக இறங்கும் கோட்டில் பாதையை அமைத்தால் முதல் மழையிலேயே அது ஓடையாகிவிடும். காலோ சக்கரமோ சற்றே பள்ளமாக்கிய இடத்தில் நீர் சேரும். சேர்ந்த நீர் வேகமெடுக்கும். மண் போய் வேரும் கல்லும் தெரியும். அங்கே நடக்க முடியாமல் மக்கள் ஓரமாக ஒதுங்குவார்கள். அடுத்த ஆண்டு அந்த ஓரமும் பள்ளம். ஆகவே பாதையைச் சரிவுக்குக் குறுக்கே, மலையை வெட்டித் திண்ணைபோல் அமைக்க வேண்டும். அதன் வெளி விளிம்பு கையளவு தாழ்ந்திருந்தால் மேலிருந்து வரும் நீர் பாதையின் குறுக்கே பரவிக் கீழே போய்விடும், பாதைவழியே ஓடாது.

இதற்குப் புழக்கத்தில் உள்ள ஒரு கணக்கு, பாதையின் ஏற்றம் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்கிறது. சரிவு 20 விழுக்காடு என்றால் பாதை 10 விழுக்காட்டுக்குள். சமதரையில் இந்தக் கணக்கு ஏமாற்றத்தைத் தரும். நீருக்குப் போக இடமே இல்லாததால் சமதரைப் பாதைதான் சீக்கிரம் சேறாகும். ஒட்டுமொத்தச் சராசரி 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் பெரும்பாலான மண்வகைகள் தாங்கும். இதைவிட முக்கியமான உத்தி ஒன்று உண்டு: இறங்கிக்கொண்டே போகும் பாதையை ஆங்காங்கே சில அடிகள் மட்டும் ஏற்றி, மறுபடி இறக்குவது. அந்தச் சிறு மேட்டைத் தாண்ட முடியாத நீர், மேட்டின் அடியில் வெளிப்பக்கமாக வழிந்துவிடும். ஓட்டுகிறவருக்கோ அது அலைபோல ஒரு தாளத்தைத் தரும். நல்ல மலைப்பாதையில் கிடைக்கும் அந்தத் தாளம் பாதிக்குப் பாதி வடிகால் ஏற்பாடுதான் என்பது ஓட்டுகிறவர்கள் பலருக்குத் தெரியாது.

இதைச் செய்வதற்கு வேண்டிய கருவிகள் எளியவை. மெக்லாட் என்ற கருவியில் ஒரு பக்கம் மண் வெட்டும் அலகு, மறுபக்கம் சருகு வாரும் பற்கள். அதோடு கடப்பாரை, வாளி, ரம்பம். மழை பெய்யும்போதே போய்ப் பார்ப்பதுதான் சிறந்த கணக்கெடுப்பு. எங்கே நீர் தேங்குகிறது, எங்கே ஓடுகிறது என்று வெயில் காலத்தில் பார்த்தால் தெரியாது. வெளி விளிம்பில் ஆண்டு முழுவதும் ஒதுங்கிய மண் சிறு கரையாகிவிடும். அந்தக் கரையை நான்கு இடத்தில் உடைத்துவிட்டால் பாதிப் பழுது தீரும். இந்த வேலையில் கைதட்டல் கிடைக்காது, படமெடுக்கவும் யாரும் வரமாட்டார்கள்.

இப்போது ஓட்டும் திறமைக்கு வருவோம். பாதைக்கும் திறமைக்கும் உள்ள உறவு ஒரு வளைவில் தெளிவாகத் தெரியும். வலப்பக்கம் திரும்பும் தட்டையான மண் வளைவு என்று வைத்துக்கொள்வோம். தேர்ந்த ஓட்டுநர் வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே, பிரேக்கைப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிடுவார். வளைவுக்குள் நுழையும்போது விரல் பிரேக்கைத் தொட்டிருக்கும், அழுத்தாது. சீட்டிலிருந்து எழுந்து நிற்பார். இடதுகால் பெடல் கீழே இருக்கும், உடல் எடை முழுவதும் அதன் மேல். வலதுகையால் ஹேண்டில்பாரைக் கீழ்நோக்கி அழுத்த வண்டி வலப்பக்கம் சாயும். உடல் அவ்வளவாகச் சாயாது. கண் வளைவின் முடிவைத் தேடும், முன்சக்கரத்தைப் பார்க்காது.

ஏன் இப்படி? டயருக்கும் மண்ணுக்கும் இடையே உள்ள பிடிப்பு ஓரளவுக்குத்தான் கிடைக்கும். நிற்பதற்கும் திரும்புவதற்கும் அதையே பங்கிட்டாக வேண்டும். வளைவின் நடுவில் பயந்து முன்பிரேக்கைப் பிடித்தால் பிடிப்பு முழுவதும் நிற்பதற்கே செலவாகி, திரும்புவதற்கு எதுவும் மிஞ்சாது. முன்சக்கரம் வழுக்கிக்கொண்டு போய்விடும். விழுகிறவர் கையை ஊன்றுவார். மணிக்கட்டும் காறை எலும்பும் இந்த விளையாட்டில் அடிக்கடி முறிவது இதனால்தான். இதற்கு அஞ்சிப் பலர் முன்பிரேக்கையே தொடுவதில்லை. அது அடுத்த தவறு. வேகம் குறையும்போது எடை முன்பக்கம் சாய்கிறது. ஆகவே நிறுத்தும் வலிமை முன்சக்கரத்தில்தான் அதிகம், பின்சக்கரம் இலேசாகிப் பூட்டிக்கொண்டு இழுபடும். குதிகாலைத் தாழ்த்தி, இடுப்பைச் சற்றுப் பின்னால் தாழ்த்தி, இரண்டு பிரேக்கையும் கைக்கு ஒரு விரலால் சிறுகச் சிறுகப் பிடிக்கப் பழகுவதே முதல் பாடம்.

வளைவுக்கு முன்னால் இருக்கும் மண்ணைக் குனிந்து பாருங்கள். பயந்தவர்கள் எல்லோரும் கடைசி நேரத்தில் ஒரே இடத்தில் பிரேக்கைப் பிடிக்க, அங்கே சக்கரங்கள் அதிர்ந்து அதிர்ந்து வரிவரியாகச் சிறு மேடுகள் எழுந்திருக்கும். அந்த மேடுகளில் வண்டி குலுங்குவதால் அடுத்து வருபவருக்குப் பிடிப்பு இன்னும் குறையும். அவர் இன்னும் இறுக்கிப் பிடிப்பார். மேடு இன்னும் வளரும். கொஞ்ச நாளில் அதைத் தவிர்க்க ஓரமாக ஒரு புதுத்தடம் உண்டாகி, ஒற்றையடிப் பாதை இருமடங்கு அகலமாகும். ஒருவருக்குத் திறமை போதாவிட்டால் அடுத்தவர் அந்த இடத்தில் கற்றுக்கொள்வதும் கெடுகிறது. தேங்கிய நீரிலும் இதே கதைதான். சேறு படாமல் ஓரமாகப் போகிறவர் பாதையை அகலமாக்குகிறார், நடுவில் போகிறவர் பாதையைக் காக்கிறார். மண் ஊறிக் கிடக்கும் நாளில் வீட்டிலேயே இருப்பவர் இன்னும் அதிகமாகக் காக்கிறார்.

மற்றத் திறமைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். செங்குத்தான ஏற்றத்தில் சீட்டின் நுனிக்கு நகர்ந்து நெஞ்சைத் தாழ்த்த வேண்டும். அதிகம் முன்னால் போனால் பின்சக்கரம் சுழன்று வழுக்கும், பின்னால் போனால் முன்சக்கரம் தூக்கும். ஈரமான வேரைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும், அதன்மேல் இருக்கும்போது பிரேக்கைத் தொடக் கூடாது. இறக்கத்தில் எடை பெடலில் இருக்க வேண்டும், கையில் அல்ல. கை இறுகினால் ஹேண்டில்பார் ஒவ்வொரு கல்லுக்கும் துள்ளும்.

கருவிகளும் உதவியிருக்கின்றன, மறுப்பதற்கில்லை. 1990ஐ ஒட்டி ராக்ஷாக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த சஸ்பென்ஷன் முன்ஃபோர்க், பிறகு வந்த ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், டியூப் இல்லாத டயர், கட்டைவிரலால் சீட்டை இறக்கும் டிராப்பர் போஸ்ட் எல்லாமே ஓட்டுவதை எளிதாக்கின. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் டிராப்பர் போஸ்டைத்தான் சொல்வேன். சீட் வழியை விட்டு விலகினால்தான் உடல் வண்டிக்கு மேலே சுதந்திரமாக அசைய முடியும். டயரில் காற்றை ஓரளவு குறைப்பதற்குச் செலவே இல்லை. பல புதியவர்கள் சாலைச் சைக்கிளுக்கு அடைப்பதுபோலக் கல்லாக அடைத்துக்கொண்டு வந்து, வண்டி துள்ளுகிறது என்கிறார்கள்.

பாதை எப்படித் திறமையை உண்டாக்குகிறது என்பதற்குக் கனடாவின் வான்கூவருக்கு வடக்கே உள்ள நார்த் ஷோர் மலைகளைவிட நல்ல சான்று கிடையாது. ஃப்ரோம், சீமோர், சைப்ரஸ் ஆகிய மலைகளில் ஆண்டில் பாதி நாள் மழை. தரையெங்கும் வேர், விழுந்த பெருமரங்கள், சேறு. 1980களிலிருந்தே டாட் ஃபியாண்டர் போன்றவர்கள் அங்கேயே விழுந்து கிடந்த தேவதாரு மரங்களைப் பிளந்து, சேற்றின்மேல் ஏணிபோல மரப்பாலங்களை அமைத்தார்கள். ஈரத்தைத் தாண்டத் தொடங்கிய ஏற்பாடு வளர்ந்து, ஒரு டயர் அகலத்துக்குக் குறுகி, தலைக்கு மேலே உயர்ந்து, ஊசலாடத் தொடங்கியது. மெதுவாக, சமநிலை தவறாமல் ஓட்டும் ஒரு தனிப் பாணி அங்கே பிறந்தது. வேறெங்கும் அது பிறந்திருக்க முடியாது. பின்னர் மரங்கள் மக்கின, சட்டப் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியும் எழுந்தது. 1997இல் உருவான நார்த் ஷோர் சங்கம் நில நிர்வாகிகளோடு பேசி, பல பாதைகளை முறைப்படி ஏற்கச் செய்தது. பாதைகளை ஒவ்வொரு குழுவும் தத்தெடுத்துப் பராமரிக்கும் முறையையும் கொண்டுவந்தது. பாலங்களின் இடத்தில் இப்போது பெரும்பாலும் கல் பாவிய தளங்களும், மக்கிய சருகுக்கு அடியிலிருந்து தோண்டியெடுத்த கெட்டி மண்ணும் இருக்கின்றன. சாகசப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது வருத்தம் தரலாம். எனக்கு இது முன்னேற்றமாகவே படுகிறது.

அங்கிருந்து வடக்கே இருக்கும் விஸ்லரில் 1999இல் பனிச்சறுக்கு நிறுவனம் கோடைக்காலச் சைக்கிள் பூங்காவைத் திறந்தது. கட்டணம் கட்டி லிஃப்டில் வண்டியோடு ஏறி, ஓட்டிக்கொண்டு இறங்க மட்டும் செய்யலாம். ஏ-லைன் என்ற பாதையை இயந்திரங்களைக் கொண்டு அமைத்தார்கள். உயர்த்திய வளைவும் அளந்து வைத்த தாவுமேடும் அடுக்கடுக்காக வரும். ஒரே இடத்தை ஒரு நாளில் பலமுறை ஓட்டிப் பார்க்கக் கிடைத்த வாய்ப்பு, ஒரு தலைமுறைக்குக் காற்றில் பறக்கக் கற்றுக்கொடுத்தது. பனிச்சறுக்கிலிருந்து எடுத்த பச்சை, நீலம், கறுப்பு என்ற தரக்குறியீடும் இதோடு பரவியது. அந்தக் குறியை மட்டும் நம்பி இறங்குவது ஆபத்து. நார்த் ஷோரில் நீலமாக இருப்பது இன்னோர் ஊரில் கறுப்பாக இருக்கலாம்.

யூட்டாவின் மோவாப் நகரில் நிலைமை வேறு. அங்குள்ள ஸ்லிக்ராக் பாதை 1969இல் மோட்டார் சைக்கிள்களுக்காக அமைத்தது. வெட்டிய பாதை என்று எதுவும் இல்லை. வழவழப்பான மணற்கல் குன்றுகளின்மேல் வெள்ளைச் சாயத்தால் கோடு போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். கோட்டைப் பின்பற்றினால் பாறைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பாறைகளுக்கு இடையே கருநிறமாகப் பொருக்குத்தட்டிய மண் இருக்கும். நுண்ணுயிர்களும் பாசிகளும் சேர்ந்து பாலைமணலைப் பிடித்து வைத்திருக்கும் உயிருள்ள தோல் அது. ஒரு சக்கரத் தடம் பட்டால் தேறிவரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

உரிமைக் கேள்விக்குத் தெளிவான விடை சொன்ன நாடு ஸ்காட்லாந்து. 2003இல் நிறைவேறி 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, மோட்டார் இல்லாமல் பொறுப்போடு போகும் எவரும் பெரும்பாலான நிலத்தில் நடக்கலாம், குதிரையில் போகலாம், சைக்கிள் ஓட்டலாம். உரிமையோடு பொறுப்பையும் அந்தச் சட்டம் சேர்த்தே வைக்கிறது. எல்லைக்குத் தெற்கே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கதை வேறு. 1968இன் நாட்டுப்புறச் சட்டம் குதிரைப் பாதைகளில் சைக்கிளை அனுமதித்தது, நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. நடைபாதைகளில் அந்த உரிமை கிடையாது. ஆகவே ஒரே மலையில் அருகருகே உள்ள இரண்டு தடங்களில் ஒன்றில் போகலாம், இன்னொன்றில் போகக் கூடாது. வரைபடத்தில் கோட்டின் வகையைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

உரிமை குறைவாக இருந்த வேல்ஸில்தான் இன்னொரு வழி பிறந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1990களில் ஸ்னோடோனியாவின் கோயிட் அ பிரெனின் காட்டில் டாவித் டேவிஸ் என்பவர் வனத்துறை நிலத்திலேயே சைக்கிளுக்கென்று தனிப் பாதைகளை அமைத்தார். பாதை, நிறுத்துமிடம், வண்டி கழுவ நீர், தேநீர் எல்லாம் ஓரிடத்தில். பிரிட்டன் முழுவதும் இதைப் பின்பற்றியது. தெற்கு ஸ்காட்லாந்தில் செவன்ஸ்டேன்ஸ் என்ற பெயரில் வரிசையாக மையங்கள் எழுந்தன. கிளென்ட்ரெஸ், இன்னர்லீதன், டால்பீட்டி எல்லாம் அதில் அடக்கம். மரத்தொழிலும் நெசவாலையும் தேய்ந்த ஊர்களுக்கு அதனால் புது வருவாய் வந்தது. 2023இல் உலகச் சாம்பியன்ஷிப் ஸ்காட்லாந்துக்கு வந்தபோது கிராஸ்-கன்ட்ரி ஓட்டம் கிளென்ட்ரெஸிலும் இறக்கப் போட்டி ஃபோர்ட் வில்லியத்திலும் நடந்தன. ஆண்கள் கிராஸ்-கன்ட்ரி ஓட்டத்தில் டாம் பிட்காக் வென்ற அந்தக் காட்டில் மற்ற நாள்களில் பள்ளிப் பிள்ளைகள் ஓட்டுகிறார்கள். இந்த ஏற்பாட்டின் பலவீனமும் தெரிந்துவிட்டது: 2025இல் கோயிட் அ பிரெனினின் உணவகத்தையும் கடையையும் அரசு அமைப்பு செலவு தாளாமல் மூடியது. பாதைகள் திறந்தே இருக்கின்றன. ஆனால் அவற்றைச் சுற்றி உருவான வாழ்க்கையில் ஒரு பகுதி போய்விட்டது.

அன்றாட வாழ்க்கையோடு பாதை எப்படிக் கலக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து பென்டன்வில் ஊரைக் காட்டலாம். வால்மார்ட் குடும்பத்தின் அறக்கட்டளைப் பணத்தில், பெரிய மலையே இல்லாத இடத்தில், ஊர் நடுவிலிருந்தே ஒற்றையடிப் பாதைகளை விரித்திருக்கிறார்கள். அலுவலகம் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் அரைமணி நேரம் மண்ணில் ஓட்டிவிட்டுப் போகலாம். ஒரு பணக்காரக் குடும்பத்தின் விருப்பத்தை நம்பியிருப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் வீட்டு வாசலிலிருந்து பாதைக்குக் காரில்லாமல் போக முடிவதுதான் திறமைக்கு முதல் நிபந்தனை என்பதை அந்த ஊர் நிரூபித்துவிட்டது. வாரம் நான்கு நாள் அரைமணி நேரம் ஓட்டுகிறவர், மாதம் ஒருநாள் ஆறு மணி நேரம் ஓட்டுகிறவரைவிட வேகமாகக் கற்கிறார். பிள்ளைகளுக்கு இதே வாய்ப்பை ஏற்படுத்தியது பள்ளி மாணவர் சைக்கிள் இயக்கம். 2001இல் வடக்குக் கலிஃபோர்னியாவில் ஒரு பள்ளி ஆசிரியரின் முயற்சியாகத் தொடங்கி, 2009இல் தேசிய அமைப்பானது. அதில் வரும் பிள்ளைகளில் யாரும் அணிக்கு வெளியே உட்கார வைக்கப்படுவதில்லை. வந்த எல்லோரும் ஓட்டுவார்கள்.

எந்தப் பாதையையும் திறந்துவிடக் கூடாத இடங்களும் உண்டு. 2016இல் மொன்டானாவில் கிளேசியர் தேசியப் பூங்காவுக்கு அருகே, மறைவான வளைவில் வேகமாக இறங்கிய ஒரு ஓட்டுநர் கரடியின் மேலேயே மோதினார். கரடி தாக்கியதில் உயிரிழந்தார். வேகமும் ஓசையின்மையும் சேரும்போது, விலங்கு விலகிப்போக நேரமே கிடைப்பதில்லை. நடப்பவருக்கு இந்த ஆபத்து இவ்வளவு இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றி யோசிக்கும்போது இதை மறக்கக் கூடாது. 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடியில் நடந்தது. இந்த மலைகளில் விளையாட்டுக்கு இடமுண்டு என்று அது காட்டியது. ஆனால் யானையும் காட்டெருமையும் நடமாடும் வழிகளில் சைக்கிள் வேண்டாம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் மாண்ட பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை, வழிகாட்டிகளோடு நடந்துபோக 40 பாதைகளைத் திறந்தது. காட்டுக்குள் யார், எத்தனை பேர், யாருடைய துணையோடு போகலாம் என்று வகுத்த அந்த முறை நடப்பவர்களுக்குப் பொருந்துகிறது. சைக்கிளை அதற்குள் திணிப்பதைவிட, காட்டுக்கு வெளியே உள்ள தேயிலைத் தோட்டச் சாலைகள், ஊராட்சி நிலங்கள், ஊரை ஒட்டிய கரடுகள் ஆகியவற்றில் சைக்கிளுக்கென்று பாதை வெட்டுவதே சரியான தொடக்கமாக இருக்கும். கரட்டுச் சரிவு 50 மீட்டர் உயரம் இருந்தாலே ஒரு ஊர்ப் பிள்ளைகள் கற்றுக்கொள்ளப் போதும்.

இப்போது சர்ச்சை மின்சைக்கிளைச் சுற்றி நடக்கிறது. பிரிட்டனில் 250 வாட் மோட்டாரும் மணிக்கு 15.5 மைல் வரை மட்டும் உதவியும் இருந்தால் அது சட்டப்படி சைக்கிளே. அமெரிக்காவில் 2019இல் உள்துறை அமைச்சகம், தன் நிலங்களில் மின்சைக்கிளைச் சாதாரண சைக்கிள்போல் நடத்தலாம் என்று ஆணையிட்டது. எந்தப் பாதையில் என்பதை அந்தந்த இடத்து அதிகாரிகளே முடிவுசெய்கிறார்கள். முழங்கால் தேய்ந்த அறுபது வயதுக்காரர் மறுபடி மலையேற இது உதவுகிறது. அதை எதிர்க்க எனக்கு மனம் வராது. ஆனால் பாதைகள் பலவும் ஒரு கணக்கில் அமைந்தவை: ஏறுகிறவர் மெதுவாக வருவார், இறங்குகிறவர் வேகமாக வருவார், இருவரும் எதிர்ப்பட்டால் இறங்குகிறவர் நின்று வழிவிடுவார். மோட்டார் வந்ததும் ஏற்றத்திலும் வேகம் வந்துவிட்டது. ஒரே குறுகிய தடத்தில் இருபக்கமிருந்தும் வேகமாக வருவதற்கு அந்த வளைவுகளில் பார்வைத் தூரம் இல்லை. பூங்காக்கள் ஏறுவதற்கென்று தனித் தடங்களை வெட்டி, இறங்கும் பாதைகளை ஒருவழியாக்கி வருகின்றன. பழைய, பகிர்ந்துகொள்ளும் பாதைகளில் அதற்கு இடமில்லை. அங்கே மோட்டாருக்கு இடம் கொடுப்பதற்கு முன் மறைவான வளைவுகளைத் திறந்துவிட வேண்டும், புதரை வெட்ட வேண்டும், தேவைப்பட்டால் பாதையையே பத்தடி தள்ளி அமைக்க வேண்டும். அந்தச் செலவை யார் ஏற்பது என்று முடிவாகும்வரை, அத்தகைய பாதைகளில் மின்சைக்கிளை ஏற்றத்தில் விடக் கூடாது என்பதே என் நிலை.